விராலுக்கு எத்தனை சதவீதம்?

சாவ் டோக் சந்தையில் விரால் விற்கும் பெண்கள் அலுமினியப் பேசின்மேல் வலையைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்திருக்கிறார்கள். வைக்காவிட்டால் மீன் துள்ளிப் பக்கத்துக் கடைக் கீரைக்கட்டில் போய் விழும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று விழுந்தது. யாரும் பதறவில்லை. கீரைக்காரம்மா அதைச் செவுளோடு பிடித்துத் தூக்கிப் பேசினில் போட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்த விலையை விட்ட இடத்திலிருந்து பேசினார்.

புனோம் பென்னில் இரண்டாகப் பிரியும் மீகாங், வியட்நாமுக்குள் தியென், ஹாவ் என்ற பெயர்களில் நுழைகிறது. ஹாவ் ஆற்றங்கரையில், கம்போடிய எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் சாவ் டோக். ஊறவைத்துப் புளிக்கவைத்த மீனுக்குப் பேர்போன ஊர். சந்தைக்குள் நுழைந்தால் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். விரால் வரிசை அதற்கு அப்பால், ஆற்றுப் பக்கம்.

நம் ஊர் விரால்தான். அதே பாம்புத் தலை, அதே வழுவழுப்பு, பக்கவாட்டில் அதே பட்டை. சங்கப் பாடல்களில் மருத வயல்களில் புரளும் வரால் இதுவே. உயிரோடு இருந்தால் கூடுதல் விலை என்கிற கணக்கும் நம்மைப் போலத்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஒரு பேசினில் இருக்கும் மீன் அத்தனையும் ஒரே அளவு. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஏரி வற்றும்போது சேற்றில் தடவிப் பிடிக்கிற விரால் இப்படி இருக்காது. உள்ளங்கை நீளத்தில் நாலு, முழங்கை நீளத்தில் ஒன்று என்று கலந்துதான் கிடைக்கும். இது வளர்ப்பு மீன். விராலை ஒரே அளவில் வளர்த்தெடுப்பது என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பேசின் ஒரு சாதனை. அந்தப் பாட்டைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

என்னோடு வந்த பெண் கன் தோ பல்கலைக்கழகத்தில் மீன்வளர்ப்பு படிக்கிறவர். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, லாங் சுயென் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஒரு வாய்க்கால் கரையில் திரும்பினோம். வெள்ளக் காலம். வயல் முழுக்கத் தண்ணீர், வரப்பு ஓரங்களில் நம் சித்தகத்திக்கு உறவான ஒரு செடி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அந்தப் பூவைச் சமைக்கிறார்கள். விராலோடு புளி, அன்னாசி, வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவைக்கும் புளிப்பு ரசத்தில் கடைசியாக ஒரு கை பூவைத் தூவி இறக்குகிறார்கள். புளியும் வெண்டைக்காயும் மீனும் என்றதும் நான் குழம்பை எதிர்பார்த்தேன். வந்தது வேறு. இனிப்பு தூக்கலாக, காரம் இல்லாமல் இருந்தது. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பண்ணை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கால்கள்மேல் நிற்கும் ஒரு தகரக் கூரை வீடு, பின்னால் வாய்க்கால், அதில் மூங்கில் நட்டுக் கட்டிய வலைத் தொட்டிகள். நம் ஊர் மீன் பண்ணைகளில் ஹாப்பா என்கிறார்களே, அதுதான். கொசுவலைத் துணியில் பெட்டி மாதிரி தைத்துத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் குஞ்சுகள். முதல் தொட்டியில் சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தன. வீட்டு அம்மா ஒரு வாளியில் குருணைத் தீவனத்தோடு வந்தார். தொட்டியின் ஒரே மூலையில், ஒரே இடத்தில், ஒரு சிட்டிகை போட்டார். தண்ணீர் கொப்பளித்தது. அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடங்கியதும் இன்னொரு சிட்டிகை. கொப்பளிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது முறை சில குருணைகள் அப்படியே மிதந்தன. வாளியை மூடிவிட்டார்.

"வயிறு நிறைந்துவிட்டதா?" என்று கேட்கச் சொன்னேன்.

"நிறையவில்லை. நிறைவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டும்" என்றார்.

இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம். கெண்டைக் குஞ்சுக்குத் தீவனம் குறைந்தால் அது மெலியும், வளர்ச்சி தள்ளிப்போகும். விரால் குஞ்சுக்குக் குறைந்தால் அது பக்கத்தில் இருப்பதைத் தின்னும். தன் நீளத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும் உடன்பிறப்பை விழுங்க அதற்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரே நாளில், ஒரே தாய்க்குப் பொரித்தவையானாலும் ஒன்றிரண்டு மட்டும் முந்திக்கொண்டு வளரும். நம் கடற்கரைக் கொடுவாய்க் குஞ்சுப் பொரிப்பகங்களில் இவற்றை ஷூட்டர் என்பார்கள். ஷூட்டர் ஒன்று உருவாகி, பசியும் சேர்ந்துகொண்டால் அது குருணையைத் திரும்பிப் பார்க்காது. ஒரு தம்பியைத் தின்றால் இன்னும் பெரிதாகும். பெரிதானால் அடுத்த தம்பியும் வாய்க்குள் போகிற அளவாகிவிடுவான்.

அதனால்தான் குஞ்சுப் பருவத்தில் விழுக்காடு அவ்வளவு அதிகம். தீவன அட்டவணைகளை எடுத்துப் பார்த்தால், ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள விரால் குஞ்சுக்கு அதன் உடல் எடையில் சுமார் 10 சதவீதம் தினசரித் தீவனம் என்று இருக்கும். பத்துக் கிராம் ஆனதும் 5, 6 சதவீதமாக இறங்கும். கால் கிலோவைத் தாண்டினால் 2, 3 சதவீதம் போதும். சிறு உடம்பு வேகமாக எரியும். பெரிய உடம்புக்கு எடைக்கு எடை அந்த வேகம் கிடையாது. வயிறும் அப்படித்தான், சிறியதில் கொள்ளளவு குறைவு, சீக்கிரம் காலியாகும். ஆகவே குஞ்சுக்கு நாளொன்றுக்கு நாலைந்து வேளை, வளர்ந்ததற்கு இரண்டு வேளை.

கணக்கு எளிது. 5,000 குஞ்சு, தலைக்கு 2 கிராம் என்றால் தொட்டியில் இருப்பது 10 கிலோ மீன். 10 சதவீதம் என்றால் நாளைக்கு 1 கிலோ தீவனம். ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 200 கிராம். வாரம் ஒருமுறை ஒரு கை குஞ்சை அள்ளி எடைபோட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பையன் போடுகிற கணக்கு. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 5,000 என்ற எண்தான் அந்த ஓட்டை. நோயில் செத்த மீன் மிதக்கும், எண்ணிக் கழித்துக்கொள்ளலாம். அண்ணன் தின்ற தம்பிக்குப் பிணம் கிடையாது. நோட்டில் 5,000 என்று எழுதியிருக்கும், தொட்டியில் 3,500 இருக்கும். 5,000க்கான தீவனம் போய் விழுந்துகொண்டிருக்கும். மிஞ்சுவது அடியில் அழுகும்.

அழுகினால் தெரியாதா என்று கேட்கலாம். வேறு மீனாக இருந்தால் தெரியும். விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி, மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். பண்ணைக்காரர் பதறியடித்துக்கொண்டு தண்ணீர் மாற்றுவார். விரால் காற்றை நேரடியாகக் குடிக்கிற மீன், எப்போதும் மேலே வந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போகும். தண்ணீரில் ஆக்சிஜன் சுத்தமாக இல்லாவிட்டாலும் அது சாவதில்லை. அந்தக் கெட்டித்தனமே வளர்ப்பவருக்கு எதிரி. எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. அம்மோனியா ஏறி, செவுளும் தோலும் புண்ணாகி, இரை எடுப்பது நின்ற பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரியவரும். அந்த அம்மா ஐந்தாவது சிட்டிகையோடு வாளியை மூடியதன் பின்னால் இத்தனை இருக்கிறது.

தரம் பிரிப்பதையும் பார்க்க முடிந்தது. காலையில், முதல் வேளைக்கு முன்னால், வெறும் வயிற்றில்தான் செய்கிறார்கள். வயிறு நிறைந்த குஞ்சைக் கையாண்டால் தின்றதைக் கக்கும், அடிபடும். ஒரே மாதிரி இடைவெளி விட்ட கம்பிகள் போட்ட கூடையில் குஞ்சுகளைக் கொட்டித் தண்ணீருக்குள் மெதுவாக ஆட்டினார்கள். சிறியவை இடைவெளி வழியாக நழுவி வெளியேறின. பெரியவை கூடையிலேயே நின்றன. பெரியவற்றை ஒரு தொட்டிக்கும் சிறியவற்றை இன்னொன்றுக்கும் மாற்றினார்கள். தனியே விடப்பட்ட சிறியவற்றுக்கு முதல் வேளையிலேயே தைரியம் வந்துவிட்டது, மூலைக்கு ஓடிவந்தன. அதுவரை பெரியவர்களுக்குப் பயந்து ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தவை.

அடுத்த தொட்டிக்காரர் வேறு ஆள், இந்த அம்மாவின் கொழுந்தன். அவருடையது பழைய முறை. வெள்ளத்தோடு வருகிற சிறு மீனை வாங்கி, இயந்திரத்தில் அரைத்து, தவிடு கலந்து, உருண்டை பிடித்து ஒரு மூங்கில் தட்டில் வைத்து இறக்கினார். அரைமணி கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். வழித்துத் துடைத்திருந்தது. "நாளைக்கு எத்தனை சதவீதம்?" என்றேன். "பத்து" என்றார். அவருடைய மீன்கள் அப்போதே ஒரு சாண் இருந்தன. அந்த அளவுக்கு அட்டவணை சொல்வது நாலு சதவீதம்கூட வராது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மாணவி விளக்கினார். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர், பெல்லட் என்கிற உலர் குருணைத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். பத்துக் கிலோ அரைத்த மீனில் உலர்ந்த சத்து இரண்டரைக் கிலோ, மூன்று கிலோ பெல்லட்டிலும் ஏறத்தாழ அதே. ஆக அவருடைய 10 சதவீதமும் அட்டவணையின் 3 சதவீதமும் ஒரே சாப்பாடு. இது தெரியாமல் அரைத்த மீனுக்கான விழுக்காட்டைப் பார்த்துப் பெல்லட் போடுகிறவர் குளத்தையும் கெடுத்துப் பணத்தையும் கெடுப்பார். பெல்லட்டுக்கானதைப் பார்த்துப் பச்சை மீன் போடுகிறவர் குஞ்சுகளை ஒன்றையொன்று தின்ன விடுவார். தீவனப் பைமேல் அச்சடித்த விழுக்காட்டைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதன் விழுக்காடு என்பதுதான்.

ஒரு கிலோ விரால் உருவாக நாலு கிலோவுக்கு மேல் சிறு மீன் வேண்டும். பெல்லட் என்றால் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. கேட்கும்போது பெல்லட் பக்கம் தர்மம் இருப்பதுபோல் தோன்றும். பெல்லட்டுக்குள்ளும் மீன் தூள் இருக்கிறதே! ஒரு கிலோ மீன் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சை மீன் காய வேண்டும். பெல்லட்டில் மூன்றில் ஒரு பங்கு மீன் தூள் என்று வைத்து நானே பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ விராலுக்கு இரண்டு கிலோ பச்சை மீன் வருகிறது. பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான். அந்த மீதியையும் குறைக்கத்தான் கன் தோவில் மீன் தூளுக்குப் பதில் சோயாவைச் சேர்த்துப் பல வருடங்கள் சோதித்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் மீன் தூளைச் சோயாவால் ஈடுகட்டினாலும் விரால் முகம் சுளிக்காது என்று கண்டார்கள். அதற்கு மேல் போனால் சுளிக்கிறது.

குஞ்சைப் பெல்லட்டுக்குப் பழக்குவது தனி வித்தை. பொரித்த குஞ்சு முதல் சில நாள் தன் வயிற்று மஞ்சள் கருவிலேயே காலம் தள்ளும். பிறகு அதற்கு உயிருள்ள இரை வேண்டும். மொய்னா என்கிற நீர்த்தெள்ளை வளர்த்துப் போடுகிறார்கள். வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான உயிரிதான், கொளத்தூர் பக்கம் கேட்டால் காட்டுவார்கள். அசைகிறதுதான் இரை என்பது விராலின் பிறவிப் புத்தி. அசையாத உருண்டையும் சாப்பாடுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டரை வார வயதில் ஆரம்பிக்கிறார்கள். உயிர் இரையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பிசைந்த தீவனம். சில நாளில் இன்னொரு பத்தில் ஒரு பங்கு. அவசரப்பட்டால் கணிசமானவை பட்டினி கிடந்து சாகும், மீதி மற்றதைத் தின்னப் பழகிவிடும். ஒரு முறை அந்தச் சுவை பிடித்துவிட்டால் பிறகு எந்தக் குருணையும் எடுபடாது. இந்த வேலையில் பெரும்பகுதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த அக்வாஃபிஷ் திட்டத்தில் நடந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம், கன் தோ பல்கலைக்கழகம், கம்போடியாவின் உள்நாட்டு மீன்வள ஆய்வு நிறுவனம் மூன்றும் அதில் சேர்ந்து உழைத்தன.

கம்போடியா என்றதும் அங்கேயும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சாவ் டோக்கிலிருந்து புனோம் பென்னுக்குப் படகு உண்டு. வாய்க்கால் வழியாகத் தியென் ஆற்றுக்கு வந்து, வின் சுவோங்கில் வியட்நாம் முத்திரை, கொஞ்சம் தள்ளிக் காம் சம்னோரில் கம்போடிய முத்திரை. இரண்டு இடத்திலும் படகை விட்டு இறங்கி மரப்பலகை வழியாக ஏறிப் போக வேண்டும். எல்லையைத் தாண்டியதும் கரை வெறிச்சோடுகிறது. செங்கல் சூளைகளும் தொழிற்சாலைகளும் பின்தங்கி, மாடுகளும் சோளக் கொல்லைகளும் வருகின்றன. ஆறு மட்டும் அதே ஆறு.

இந்த ஆற்றின் மேல்புறத்தில்தான் தோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மீகாங் பெருகி, ஏரியிலிருந்து வரவேண்டிய ஆற்றைப் பின்னோக்கித் தள்ளும். ஏரி நாலைந்து மடங்கு விரிந்து காட்டுக்குள் புகும். மழை ஓய்ந்ததும் ஆறு திசை மாறி ஓடும். ஏரிக் காட்டில் தின்று வளர்ந்த சிறு மீன் கோடிக்கணக்கில் அதோடு இறங்கும். வியட்நாம்காரர் இயந்திரத்தில் அரைத்தாரே, அந்த வகை மீனும் இந்தத் தண்ணீரோடு இறங்கி வருவதுதான்.

நான் போனபோது புனோம் பென்னுக்கு மேலே, ஏரியிலிருந்து வரும் அந்த ஆற்றின் குறுக்கே பை வலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் நூறு மீட்டருக்கு மேல் நீளம், வாய் அகலம், வால் குறுகல், ஆற்றின் ஓட்டமே மீனை உள்ளே தள்ளும். வரிசை வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. ஜனவரியில் பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்கள்தான் உச்சம் என்றார்கள். அப்போது உள்நாட்டு விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு கரைக்கு வருவார்கள், நெல்லைக் கொடுத்து மீனை வாங்கித் தலை கிள்ளி உப்பிட்டுப் பிரஹொக் என்கிற மீன் விழுது போடுவார்கள். வருடம் முழுக்க ஏழை வீட்டுச் சோற்றுக்கு அதுதான் துணை. விராலுக்குப் போகும் மீனும் இந்த வலை மீன்தான். ஒரே கூடை, இரண்டு பந்தி.

இந்தப் போட்டிக்காகத்தான் கம்போடிய அரசு 2000களின் நடுவில் விரால் வளர்ப்பையே தடை செய்தது. குஞ்சை ஆற்றிலிருந்து பிடிக்கிறார்கள், இரையையும் ஆற்றிலிருந்தே பிடிக்கிறார்கள், இப்படிப் போனால் ஆற்றில் என்ன மிஞ்சும் என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் தடை எல்லைக் கோட்டோடு நின்றுவிட்டது. சிறு மீன் ஆற்றோடும் படகோடும் வியட்நாமுக்குப் போய், அங்கே விராலாகித் திரும்பி வந்து புனோம் பென் சந்தையில் விலை போனது. நட்டம் முழுக்கக் கம்போடிய விவசாயிக்கு. பொரிப்பகக் குஞ்சும் பெல்லட் பழக்கமும் கைக்கு வந்தபின், 2016இல் தடையை நீக்கினார்கள்.

நகரத்துக்கு வெளியே ஒரு குளக்காரரிடம் என்னைக் கூட்டிப்போனவர் டுக் டுக் ஓட்டுநர், குளக்காரர் அவருக்குத் தூரத்து மாமா முறை. அரை ஏக்கருக்கும் குறைவான குளம். ஒரு பக்கம் ஹாப்பாக்கள், மறுபக்கம் வாழை. தடைக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு "கெளுத்தி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். இப்போது பெல்லட்டா என்றேன். பெல்லட்தான், ஆனால் ஜனவரியில் சிறு மீன் விலை தரைக்கு வரும், அந்த இரண்டு மூன்று வாரம் பெரிய மீனுக்கு மட்டும் பச்சை மீன் போடுவேன் என்றார். குஞ்சுக்குப் போடமாட்டாராம். ஏன்? பச்சை மீன் ருசி கண்ட குஞ்சைப் பிப்ரவரியில் பெல்லட்டுக்குத் திருப்ப முடியாது. தர்ம நியாயம் எல்லாம் அவர் பேசவில்லை. பெல்லட் மூட்டை கடனில் வருகிறது, சிறு மீனுக்கு ரொக்கம் வேண்டும், மூட்டை விலை ஏறினால் அவர் மறுபடியும் ஆற்றங்கரைக்குத்தான் போவார். கொள்கை எழுதுகிறவர்கள் இந்த மாதிரி ஆளோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கேள்விகள் தீர்ந்ததும் அவருடையது ஆரம்பித்தது. இந்தியாவில் விரால் உண்டா? உண்டு என்றேன். குஞ்சு எங்கிருந்து? ஆற்றிலும் ஏரியிலும் பிடிப்பது பாதி, இப்போது பொரிப்பகங்களும் வந்துவிட்டன. இரை?

சிலர் பெல்லட் போடுகிறார்கள், சிலர் மலிவு மீன், சிலர் கோழிக்கடையில் மிஞ்சும் குடலை வாங்கி வேகவைத்துப் போடுகிறார்கள் என்றேன். ஓட்டுநர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாமா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தொழில்காரர் முகத்தோடு கேட்டார்: "குடலில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? நாளைக்கு எத்தனை சதவீதம் போடுகிறார்கள்?"

"நிறுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. தின்கிற வரைக்கும்தான்."

"அப்படியானால் ஆயிரம் குஞ்சு விட்டால் எத்தனை பிடிக்கிறார்கள்?" என்று கேட்டவர், நான் பதில் தேடுவதைப் பார்த்துவிட்டு, மதிய வேளைக்கு நேரமாகிவிட்டது என்று வாளியை எடுத்துக்கொண்டு ஹாப்பா பக்கம் நடந்தார்.